கொத்தன் லைனுக்குப் புதுப்பேர்

"கொத்தன் லைன்னு இனி ஒருத்தன் வாயிலயும் வரப்பிடாது, மக்கா. அதுக்கு என்ன செய்யணுமோ செய்யி" என்றார் சதாசிவன்.

எதிரே லேப்டாப்போடு இருந்த ரெஜி, நெய்யாற்றின்கரையில் துணிக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பேரும் முத்திரையும் உண்டாக்கிக் கொடுக்கிறவன். வாடகை வீடுகளுக்கு இப்படி ஒரு வேலை வந்தது அவனுக்கும் புதிதுதான்.

கொல்லயில் என்ற ஊரில், ரோட்டை ஒட்டி வரிசையாக எட்டு வீடுகள். சதாசிவன் மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் தரைக்கு கிரானைட் போட்டார், முற்றத்தில் பூந்தொட்டிகள் வைத்தார். என்ன செய்தாலும் பாறசாலை ஸ்டேஷன் ஆட்டோக்காரன், "கொத்தன் லைன்தானே, கேறுங்க" என்றே சொன்னான். போன மாதம் கிளப் விருந்தில் யாரோ ஒருவர் அவரை ஒரு டாக்டரிடம், "இவரு கொத்தன் லைன் சதாசிவன்" என்று அறிமுகப்படுத்தினார். வாயிலிருந்த கோழித்துண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார் மனிதர். அந்த டாக்டர் தன்னைச் 'சார்' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது அவருக்கு.

"அந்தப் பேரு எப்படி வந்தது, சாரே?"

"பண்டு ஏதோ ஒரு கொத்தன் இருந்தானாம். அத விடு."

"அப்ப 'ராயல் நெய்யார் ரெசிடென்சி'. எப்படி உண்டு?"

நெய்யாறு அங்கிருந்து ஒரு பஸ் தூரம். ஆனால் முன்னால் 'ராயல்' நின்று மறைத்ததால் சதாசிவனுக்கு அது கண்ணில் படவில்லை. "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

"முத்திரைக்கு ஒரு யானை, ரெண்டு தென்னை. பிறவு, ஒரு பாரம்பரியம் வேணும் சாரே. வாசல்ல ஸ்தாபகருக்க படத்தப் பெருசா வெச்சா டாக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் வீடு கேட்டு வரிசையில நிப்பாங்க. பழைய போட்டோ வல்லதும் உண்டா?"

"இல்ல. நீயே ஒருத்தர உண்டாக்கு. தலப்பாவு, முறுக்கு மீசை, கழுத்துல முத்துமாலை."

"பேரு?"

"பேரு வேண்டாம்" என்றார் சதாசிவன் அவசரமாக. "ஸ்தாபகர்னு போட்டா போதும்."

காப்பி ஆறுவதற்குள் கம்ப்யூட்டர் ஒரு ராஜாவைப் பெற்றுப் போட்டது. அவருடைய மீசையைப் பார்த்துச் சதாசிவன் தன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

விளம்பர வீடியோ எடுக்கிற அன்று வாடகைக்காரர்களைக் கூட்டிப் புதுச் சட்டங்களை அறிவித்தார். முற்றத்தில் துணி காயப்போடக் கூடாது. மீன் கழுவக் கூடாது.

"பின்ன எங்க கழுவ? அந்த யானைக்க முதுகுலயா?" என்றாள் மூன்றாம் வீட்டு லூயிசா. அவள் கணவன் நிக்கோலஸ் கடலுக்குப் போகிறவன். மீன் இல்லாத நாள் அவர்கள் வீட்டில் கிடையாது.

"பின்னாடி கழுவு. ராயல் ஆக்கும் இனி."

ரெஜி கேமராவிலிருந்து தலையை எடுத்தான். "சாரே, கடைசி வீட்டுல ஒரு வயசான அப்பூப்பன் துண்டு மட்டும் உடுத்துட்டு இருக்காரு. எங்க நின்னு எடுத்தாலும் அவரு வாறாரு."

"அவரு படத்துல வரப்பிடாது. கதவச் சாத்து."

"வாடகைக்காரரா?"

"வாடகையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சும்மா கிடக்காரு."

"அப்ப ஒழியச் சொல்லலாமே?"

"சொன்னா காது கேக்கணுமே."

லூயிசா சதாசிவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

"திறப்பு விழாவுக்கு அவருக்கொரு புது வேட்டி எடுக்கட்டா?" என்று கடைசி வீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் சதாசிவனின் மனைவி சத்யபாமா.

"எடு. பின்வரிசையில இருத்து."

திறப்பு நாளில் செண்டை முழங்கியது. கிளப்பிலிருந்து அந்த டாக்டரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் விஜயதாஸ் திரையை இழுக்க, வாசல் வளைவுக்குக் கீழே ஆள் உயரத்தில் ராஜா தோன்றினார்.

"ஆராக்கும் இது, சதாசிவண்ணா?" என்று மைக்கிலேயே கேட்டார் பிரசிடெண்ட்.

இந்தக் கேள்விக்குச் சதாசிவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. ஆனால் டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு தானாக விரிந்தது.

"எனக்க அப்பாவாக்கும். மகாராஜாவுக்க கொட்டாரத்துக் கட்டட வேலையெல்லாம் அவருக்க மேல்நோட்டத்துலதான் நடந்துது."

"முகத்துல என்ன ஒரு ஐஸ்வரியம். இப்போ அவரு...?"

சதாசிவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். உண்டு என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பிரசிடெண்டுக்கு அது போதும். தனக்குப் போட்ட மாலையைக் கழற்றிப் படத்துக்குப் போட்டார். செண்டை நின்றது. எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். டாக்டர் மேடைக்கு வந்து சதாசிவனின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய குடும்பம்னு எனக்குத் தெரியாம போச்சே, சதாசிவன் சார்."

சார். சதாசிவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பின்வரிசையில், மற்றவர்கள் எழுந்ததைப் பார்த்துக் கடைசி வீட்டுப் பெரியவரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். சிமெண்ட் அரித்த விரல்களைக் குவித்துப் படத்தைப் பக்தியோடு கும்பிட்டார். பிறகு பக்கத்தில் நின்ற சத்யபாமாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஆளு கொள்ளாம். செத்தது ஆராக்கும், பிள்ளே?"

சத்யபாமா அவர் காதருகே குனிந்தாள்.

"நீங்கதான், மாமா."