கீழ்க்குரல்

"செர்ரிப் பூ உதிர்ற பாட்டு வேண்டாம். பிரிஞ்சு போற பாட்டும் வேண்டாம். சயோ அம்மா வராங்க."

பாட்டுத் தேடும் ரிமோட்டை மினோரி அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நான்தான் சொன்னேன்.

அன்று காலையில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு, ஒன்பதாம் வகுப்போடு முடியும் அந்தப் பள்ளியின் நிறைவு விழா முடிந்திருந்தது. பிள்ளைகள் அவரவர் கூட்டத்தோடு போய்விட்டார்கள். அம்மாக்கள் நாங்கள் நாலு பேர், கறுப்புக் கோட்டில் குத்திய பூவைக்கூடக் கழற்றாமல், ஸ்டேஷன் எதிரே, திரையில் வரிகளைப் பார்த்துப் பின்னிசையோடு பாடும் கரோக்கே கடையில் ஓர் அறை எடுத்து உட்கார்ந்திருந்தோம். மினோரி அம்மா, கோஹே அம்மா, ரேனா அம்மா, தைச்சி அம்மாவாகிய நான்.

"அப்ப எதைத்தான் பாடறது?" மினோரி அம்மா அலுத்துக்கொண்டாள். "வசந்த காலப் பாட்டுன்னாலே யாராவது ஒருத்தர் ரயிலேறிப் போறாங்க. இன்னொருத்தர் பிளாட்பாரத்துல நின்னு அழறாங்க."

"கடுகுப் பூப் பாட்டு இருக்கே."

"அது எல்.கே.ஜி. பிள்ளைங்க பாடறது," என்றாள் கோஹே அம்மா.

"இருக்கட்டும். யார் மனசும் நோகாது."

சயோவும் எங்கள் பிள்ளைகளின் வகுப்புதான். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கு வருவதை நிறுத்தியவள். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. காலையில் விழாவில் அவளுக்கு நாற்காலி போடவில்லை, பெயரை மட்டும் படித்தார்கள். இன்றைக்கு அவள் அம்மாவை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கூப்பிட்டதும் நான்தான்.

இரண்டு மணிக்கு சயோ அம்மா வந்தாள். அவளும் கறுப்புக் கோட்டில் பூ குத்தியிருந்தாள்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க." குனிந்து வணங்கிவிட்டுக் கதவோரமாக உட்கார்ந்தாள்.

கோஹே அம்மா கடுகுப் பூவைப் பாடி முடித்தாள். கை தட்டினோம்.

"நீங்களும் ஒண்ணு பாடுங்க," என்று ரிமோட்டை நீட்டினேன்.

அவள் தேடவே இல்லை. நேராகப் பெயரைத் தட்டினாள். திரையில் வந்ததைப் பார்த்தோம். காலையில் பிள்ளைகள் எல்லாரும் மேடையில் நின்று பாடிய அதே பிரிவுப் பாட்டு.

மினோரி அம்மா என் காதருகே வந்தாள்.

"நாம இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தவிர்த்தா... வராத பிள்ளையோட அம்மாவுக்கு இந்தப் பாட்டு எதுக்கு?"

சயோ அம்மா பாட ஆரம்பித்தாள். மெட்டு ஒரு பக்கம் போக, அவள் குரல் வேறு பக்கம் போனது. மேலே ஏற வேண்டிய இடத்தில் கீழேயே நின்றது. கோஹே அம்மா டம்ளரைத் தூக்கிச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது அடியில்தான் எனக்குப் புரிந்தது. அவள் தப்பாகப் பாடவில்லை. காலையில் முன்வரிசை மெட்டைப் பாட, அதற்குத் துணையாகப் பின்வரிசைப் பெண்கள் தாழ்வாகப் பாடிய கீழ்க்குரல் அது.

பாதியில் அவளே நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு இந்தக் குரல்தான் தெரியும். சயோ இதைத்தான் பாடிப் பாடிப் பழகினா."

"சயோவா?"

"கிளாஸ் சார் பாட்டைப் பதிவு பண்ணி அனுப்பியிருந்தார். ஒரு மாசமா, ரூம் கதவைச் சாத்திக்கிட்டு. இன்னிக்கு வரேன்னு அவளாத்தான் சொன்னா. யூனிஃபார்ம் சின்னதாப் போயிருந்துச்சு. பாவாடை ஓரத்தைப் பிரிச்சு நீளமாக்கிக் குடுத்தேன்."

"அப்புறம் ஏன் வரல?" என்று கேட்டாள் ரேனா அம்மா.

"மூணு நாளைக்கு முன்னால சார் போன் பண்ணார். இத்தனை நாள் வராத பொண்ணு திடீர்னு வந்து, நடுவுல அழுது கிழுது வெச்சா மத்த பிள்ளைங்க விழா கெட்டுடுமேன்னு சில பேர் கவலைப்படறாங்க, ஒரு மணிக்குத் தனியா வந்துடுங்கன்னார். இப்ப அங்கேருந்துதான் வரேன். ஹெட்மாஸ்டர் ரூம்ல சான்றிதழ் குடுத்தாங்க. அங்க பாட்டெல்லாம் கிடையாதே."

"சயோ ஒண்ணும் சொல்லலையா?"

"'அவங்க சொல்றதும் சரிதாம்மா'ன்னா."

மினோரி அம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டாள். "யாருங்க அந்தக் கல்நெஞ்சுக்காரங்க? அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானே?"

"அவங்கதான் சொன்னாங்கன்னா, பள்ளிக்கூடத்துக்கு எங்க போச்சு புத்தி?" என்றாள் கோஹே அம்மா.

"மனசாட்சி இல்லாத ஜென்மங்க," என்றேன் நான். என் குரல்தான் எல்லாரையும்விட ஓங்கியிருந்தது.

"யார்னு சார் பேர் சொல்லல," என்றாள் சயோ அம்மா. "தனித்தனியா நாலு அம்மாங்க போன் பண்ணாங்கன்னு மட்டும் சொன்னார்."

மினோரி அம்மாவின் கைக்குட்டை கண்ணோரத்திலேயே நின்றது. கோஹே அம்மா டம்ளருக்குள் பார்த்தாள். ரேனா அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

சயோ அம்மா பாட்டை மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள்.

"இந்தக் குரலைத் தனியாப் பாடினா எடுபடாது. மேல்குரலை நீங்க பாடறீங்களா?"

பாடினோம். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசி அடி வரைக்கும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தது நான் ஒருத்திதான் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.