இருபது பேரில் இருவர்

ஒஸ்லோ தேவாலயத்தில் பனிக்கால வெளிச்சம் சவப்பெட்டியின் மூடிமேல் வெளிறிக் கிடக்கிறது. உள்ளே சவிரிமுத்து மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் இருபது பேர் கொண்ட இசைக்குழுவை நடத்தியவர். அந்த இருபது பேரில் நோர்வேயில் எஞ்சிய லூக்காஸ் டிரம்பெட்டையும் பிலேந்திரன் சாக்ஸபோனையும் உதட்டில் வைத்தபடி நிற்கிறார்கள். அவருக்குப் பிடித்த பாட்டோடுதான் பெட்டி வெளியே போக வேண்டும் என்று கேட்டவள் மனைவி திரேசம்மா. தூக்குபவர்கள் காத்திருக்கிறார்கள். சத்தம் வரவில்லை. “என்ன, லூக்காஸ்?” என்கிறாள் திரேசம்மா. “மாஸ்டர் குதிக்காலாலை ரெண்டு தட்டுத் தட்டினாத்தானே அக்கா, நாங்கள் துவங்கிறனாங்கள்.” “செத்தாப்பிறகும் அந்த மனுசன்தான் தட்டோணுமோ?” திரேசம்மாவுக்கு அழுகை வரவில்லை. பனிச் சப்பாத்தின் குதியால் தரையில் இரண்டு முறை தட்டுகிறாள். டிரம்பெட் எழுகிறது, சாக்ஸபோன் சேர்ந்துகொள்கிறது. பெட்டி அவளைக் கடந்து வாசலுக்குப் போகிறது. அவள் கால் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது.