பத்து நிமிஷம் கழித்து

"பாத்ரூம் லைட்டைப் போட்டதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். அணைச்சாலும் டைமர் இருக்கறதால இன்னும் கால் மணி நேரம் ஓடி, ஆவியெல்லாம் வெளிய தள்ளிடும் சார்" என்றபடி ஏணியிலிருந்து இறங்கினார் எலக்ட்ரீஷியன்.

வீட்டுக்காரரின் முகமே சரியில்லை.

"லைட்டைப் போட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு ஓடற மாதிரி வைக்க முடியுமா?"

"அதுக்குள்ள குளிக்கறவர் குளிச்சுட்டு ஆபீசுக்கே போயிருப்பார் சார்!"

அவர் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு எரிச்சலாக வந்தது. காலையிலிருந்து குளியலறைச் சுவரைத் துளைத்து, மூன்று ஒயர் இழுத்து, கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் சிமென்ட் தூசி படிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுத்தார்.

"கண்ணாடியைத் தொடாதீங்க!"

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் துணி நழுவிக் கீழே விழுந்தது.

"ஃபேன் ஓடக் கூடாதுன்னா எதுக்கு சார் மாட்டச் சொன்னீங்க?"

வீட்டுக்காரர் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். லைட்டைப் போடாததால் ஃபேன் சும்மா இருந்தது. ஆவி பரவப் பரவக் கண்ணாடி வெளுத்தது. அதில், யாரோ விரலால் எழுதிய எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

"என் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக் குளிச்சுட்டு எழுதினா. அப்புறம் அவ வீடு திரும்பலை" என்றார் வீட்டுக்காரர். "ஆவி பட்டாத்தான் தெரியுது. பத்து நிமிஷம் போதும் எனக்கு."

எலக்ட்ரீஷியன் கிட்டே போய்ப் படித்தார்.

'ஏங்க, நான் திரும்பி வர்றதுக்குள்ளயாவது அந்த ஃபேனை மாட்டிடுங்க.'