வெள்ளைப் பூ வந்தால் வீடு

கோயிலில் திருடுவது லோகப்பிரியாவுக்கு இதுதான் முதல் தடவை. ஆத்தாளின் முன்னாலிருந்த தட்டில் கை வைத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அந்த ஆத்தாளுக்கே கேட்டிருக்கும்.

தட்டில் இருந்தவை இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள்தான். அவற்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அதே மாதிரி நாரில் கட்டிய வேறு இரண்டை அங்கே வைத்தாள். நல்லவேளை, எல்லோரும் வெளியே பொங்கல் பானையைச் சுற்றி நின்றார்கள்.

எல்லாம் வீட்டுக்காக. கணபதிப் பகுதியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பழைய வீடுகளைத் தேடித் தேடிப் படம் பிடிப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டுவதும் அவளுக்கு ஒரு பித்து. வந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கும் வீடு அவளுடைய மாமனார் வீடுதான். தேக்குத் தூண்கள், கல் பாவிய முற்றம், மாடி முகப்பில் சுண்ணாம்பில் செய்த ஜோடிக் கிளிகள்.

அவள் கணவன் சுரேந்தருக்கோ அந்தக் கிளிகள் இருக்கிற இடத்தில் அப்பார்ட்மென்ட் தெரிந்தது. மாசக்கணக்கில் புருசனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் மாமனார் பாலுசாமியிடம் போய் நின்றார்கள்.

"இடிங்கன்னும் சொல்ல மாட்டேன், இடிக்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன். அது எங்கப்பன் கட்டுன ஊடு, என் வாயில வராது. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம். ஒரு பொட்டலத்துல வெள்ளை, ஒண்ணுல செவப்புக் கட்டி வெச்சு, ஒண்ணை எடுக்கச் சொல்லலாம். வெள்ளை வந்தா ஊடு நிக்கட்டும், செவப்பு வந்தா இடிச்சுப்போடுங்க" என்றார் அவர்.

பாவம், மகனை எதிர்த்துப் பேச முடியாமல்தான் மனிதர் இப்படிச் சொல்கிறார் என்று லோகப்பிரியாவுக்குத் தோன்றியது. தினமும் காலையில் தூணுக்குத் தூண் கை வைத்துத்தான் அவர் முற்றத்தைத் தாண்டுவார். உயரமான நிலைப்படி வந்தால் பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார். அத்தனை பாசம் வைத்தவருக்காகத்தான் இந்தத் திருட்டு. அவள் மாற்றி வைத்த இரண்டு பொட்டலங்களிலுமே வெள்ளை அரளிதான்.

வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பூவில் வஞ்சம் பண்ணியவர்கள் குடும்பம் விளங்காது என்று ஊரில் சொல்வார்கள். மகள் மேக்னாவுக்கு இப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. திரும்பிப் போய்ப் பழைய பொட்டலங்களையே வைத்துவிடலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, பாலுசாமி மஞ்சப்பையோடு எழுந்தார்.

"நான் ஆத்தாளை ஒரு சுத்துச் சுத்திக் கும்புட்டுப்போட்டு வாரேன்" என்று உள்ளே போனவர், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

இனி மாற்ற வழியில்லை. பூசாரி கற்பூரம் காட்டிவிட்டார்.

"ஏனுங்க, பாப்பாவை உடுங்க. கண்ணு, சாமியைக் கும்புட்டு ஒண்ணை எடு" என்றார் பூசாரி.

போயும் போயும் தன் மகள் கையாலேயா! லோகப்பிரியா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேக்னா ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க, பூசாரி நாரைப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

"அப்புறமென்ன, ஆத்தாளே சொல்லிப்போட்டா!" என்று சுரேந்தர் மகளைத் தூக்கிக்கொண்டு, இன்ஜினியருக்குப் போன் போட வெளியே ஓடினான். பூசாரி பிரசாதம் எடுக்க மடப்பள்ளிக்குப் போனார்.

லோகப்பிரியா பிரித்த இலையையே பார்த்தாள். அவள் கையாலேயே பறித்து, அவள் கையாலேயே கட்டிய வெள்ளைப் பூ. எப்படிச் சிவந்தது? ஆத்தாளின் வெள்ளிக் கண்கள் தன்னையே பார்ப்பதுபோல் இருக்க, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் தாயே! என்னை என்ன வேணாப் பண்ணு, எங்கொழந்தையை ஒண்ணும் பண்ணிராத!"

"ஏங் கண்ணு, என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு குனிந்தார் பாலுசாமி.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையைத்தானுங்க மாமா வெச்சேன்! ஆத்தா செவப்பாக்கிக் காட்டிப்போட்டாளுங்க. இனி எம்புள்ளைக்கு என்ன ஆகுமோ தெரியலீங்களே!"

பாலுசாமியின் முகம் வெளிறிவிட்டது. தான் செய்த பாவத்தைக் கேட்டு மனிதர் ஆடிப்போய்விட்டார் என்று அவள் இன்னும் பயந்தாள்.

"எப்ப மாத்துனே?"

"பொங்கல் பொங்குறப்பங்க, மாமா."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, வீட்டு நிலைப்படியில் நிற்பதுபோலவே பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டு, வலிக்கும் முழங்காலை மெதுவாக மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் சொன்னார்:

"அழுகாத அம்மணி, அதுக்கப்புறம் ரெண்டுலயும் செவப்பை வெச்சது நானு."