மாட்டிக்கொண்ட கேசட்

"ஹோபார்ட்! வண்டியை ரெண்டா அறுத்தாலும் சரி, இன்னிக்கு இந்தக் கேசட் வெளியில வந்தாகணும்!"

டாய்ல் பிக்கப்பிலிருந்து குதித்த வேகத்தைப் பார்த்து மெக்கானிக் ஹோபார்ட் சிரித்துவிட்டான். சிரிக்காமல் என்ன செய்வான்? ஊருக்கே தெரிந்த கதை அது. பிரைஸ் டெலானியின் சூப்பர் ஹிட் பாட்டுகள் பன்னிரண்டும் ஐந்து வருஷமாக அந்த வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கேசட் உள்ளே இருக்கும்வரை ரேடியோவும் வாயைத் திறக்காது. சர்ச்சுக்குப் போனாலும் டெலானி, சந்தைக்குப் போனாலும் டெலானி.

"அஞ்சு வருஷமா சும்மா இருந்துட்டு இப்ப என்னப்பா திடீர் ஞானோதயம்?"

டாய்ல் சட்டைப் பையிலிருந்து ஒரு புத்தம்புது கேசட்டை எடுத்து நீட்டினான். அட்டையில் அகலத் தொப்பியோடு டஸ்டி ராலின்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான். ஹிட் பாட்டுகளின் தொகுப்பு.

"அடேயப்பா! இதுல முதல் பாட்டே பிடில்லதான் ஆரம்பிக்கும்." ஹோபார்ட் குரலைத் தாழ்த்தினான். "உன்னால கேக்க முடியுமா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. டாய்லும் ஒரு காலத்தில், கிராமியப் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லில் பிடில் வாசித்தவன்தான். 'இனிமே பிடிலை எவன் கேக்கறான், எல்லாம் கீபோர்டுதான்' என்று நாலு பேர் சொன்னதை நம்பி, எண்பத்து மூன்றில் அதை விற்றுவிட்டு ஒக்லஹோமாவுக்கே திரும்பித் தீவன லாரி ஓட்டப் போனான். மூன்றே வருஷம்தான்! ராலின்ஸ் மாதிரி தொப்பி போட்ட பையன்கள் படையெடுத்து வந்து பழைய பாணியிலேயே பாட ஆரம்பித்தார்கள். எந்த ஆல்பத்தைத் தொட்டாலும் பிடில். விதி அவனை வைத்து நன்றாகத்தான் விளையாடியது.

"அதெல்லாம் ஆறிப்போச்சுடா. இப்ப கேக்கணும்போலதான் இருக்கு. ஆனா என் பொண்டாட்டி வெர்லீன் விட்டாத்தானே? ஆசை ஆசையா இந்த டெலானியை வாங்கிட்டு வந்து போட்டா. அன்னிக்கே மாட்டிக்கிச்சு. ரிப்பேர் பண்ணலாம்னா, தண்டச் செலவுங்கறா. அடுக்களையில ரேடியோ பாடிக்கிட்டிருக்கும். நான் கால் வெச்சதும் டப்புனு அணைச்சிடுவா."

"நீ பாட்டுக் கேட்டா அவளுக்கு என்னவாம்?"

"டெலானி பைத்தியம்! அவளுக்கு வேற எவன் பாட்டும் என் காதுல விழக்கூடாது."

ஹோபார்ட் ஸ்க்ரூடிரைவரோடு தலையைக் கவிழ்த்தான். பத்து நிமிஷம் ஒரே முணுமுணுப்பு. பிறகு கேசட் டக்கென்று வெளியே வந்தது. கூடவே இன்னொன்றும்.

வளைந்து நெளிந்த ஒரு கொண்டை ஊசி.

"இது தானா விழல டாய்ல். யாரோ வளைச்சு, அளவு பார்த்துச் சொருகியிருக்காங்க. கெட்டிக்கார வேலை!"

டாய்லுக்குக் காது சிவந்துவிட்டது. அந்த வண்டியில் கொண்டை போட்டவள் ஒருத்திதான் ஏறுவாள்.

"அடிப்பாவி! அஞ்சு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்காளே!"

வண்டியைக் கிளப்பினான். கோபத்தோடு ராலின்ஸை உள்ளே தள்ளினான். பிடில் எடுத்த எடுப்பிலேயே துள்ளியது. நெஞ்சு ஒரு கணம் கனத்தது, அவ்வளவுதான். இரண்டாவது பாட்டுக்கு அவனுடைய இடது கை விரல்கள் ஸ்டியரிங்கின்மேல் தாமாகவே ஓடின. ஆஹா, எவ்வளவு சுகம்! இதைப் போய் எனக்குக் கிடைக்காமல் செய்துவிட்டாளே என்று நினைக்க நினைக்கக் கோபம் இன்னும் ஏறியது.

வெர்லீன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறை வாசலில் வண்டியை நிறுத்தினான். ஏப்ரனை மடித்துக்கொண்டே வந்தவள் பாட்டைக் கேட்டதும் ஓட்டமாக ஓடிவந்து, ஏறியும் ஏறாமலும் கையை நீட்டி அதை அணைத்தாள்.

"ஐயையோ, எப்படி வெளியில வந்துச்சு?"

டாய்ல் கொண்டை ஊசியைத் தூக்கிக் காட்டினான். "இது யாரோடது?"

வெர்லீனின் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போனது. "என்னுதுதான்."

"அந்த டெலானி அவ்வளவு உசத்தியா? அவனைக் கேக்கறதுக்காக என்னையும் கட்டிவெச்சு அடிக்கணுமா?"

"யாரு, டெலானியா? நாசமாப் போச்சு! அந்த ஆளு வாயைத் திறந்தாலே எனக்குப் பல்லு கூசும். அஞ்சு வருஷமா கர்த்தரை வேண்டிக்கிட்டுத்தான் இந்த வண்டியில ஏறறேன்."

டாய்ல் திகைத்துப்போனான். "பின்னே ஏன்டி?"

அவள் மடித்த ஏப்ரனைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எண்பத்தாறுல ஒரு நாள், டல்சாவிலேருந்து திரும்பி வரும்போது ரேடியோவுல பிடில் வந்துச்சு. வண்டியை ஓரங்கட்டிட்டு, ஸ்டியரிங்ல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதியே... நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு."

டாய்ல் கொண்டை ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினான்.

"மறுநாளே கேசட் கடைக்குப் போனேன். கடைக்காரன் திட்டத் திட்ட, ஒவ்வொண்ணா உறையைப் பிரிச்சு, யார் யார் என்னென்ன வாசிச்சாங்கன்னு படிச்சேன். பிடில் வாசிச்சவன் பேரே இல்லாத கேசட் அந்தக் கடையிலயே இந்த டெலானி ஒண்ணுதான் இருந்துச்சு."