விட்டுப்போன லட்சுமி

“தைரியம் எங்கடி?”

உள்ளறைக் கட்டிலிலிருந்து குழறலாக வந்த அதட்டலில் கூடமே திடுக்கிட்டது. விளக்கின் முன்னால் கண்மூடிப் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்த மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மறந்துட்டேன் அத்தை. இதோ சொல்லிடறேன்.”

வந்த வழியே திரும்பிப் போய், விட்டுப்போன தைரியலட்சுமியைக் கூப்பிட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே தொடர்ந்தாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஆடிட்டர். ஊரார் கணக்கில் சல்லிக்காசு இடித்தாலே தூக்கம் வராதவள். பிறந்த வீட்டில், அதுவும் சாமி முன்னால், எட்டு லட்சுமிக்கு ஏழு லட்சுமி என்று கணக்கு உதைத்தால் எப்படிப் பொறுப்பாள்? நேற்று கஜலட்சுமியைக் காணோம். அதற்கு முன்னால் தானியலட்சுமி. இன்றைக்கு இவள்.

“எட்டுப் பேர்தானே? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல மனப்பாடம் ஆகலியா உனக்கு?”

“என்னமோ அண்ணி, வாய் வரைக்கும் வந்துட்டு ஓடிடுது.”

தம்பி மனைவி அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள்.

அம்மாவுக்கு அந்தப் பிரார்த்தனை என்றால் உயிர். பக்கவாதம் வந்து படுக்கும்வரை தினமும் விளக்கேற்றி அவளே சொன்னது. இப்போது வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. பெற்ற மகள் விமானம் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதுகூட ‘வா’ என்று ஒரு வார்த்தை இல்லை, முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டதோடு சரி. காலையில் இந்த ஒரு நேரத்தில்தான் குரல் எழும்புகிறது, அதுவும் திட்டுவதற்கு. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளை இப்படியா நோகடிப்பது?

“அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

“ஏன்க்கா? இவ நல்லாத்தானே பார்த்துக்கறா.”

“குளிப்பாட்டறா, ஊட்டி விடறா, எல்லாம் சரி. நான் குறை சொல்லல. சாமி விஷயத்துல மட்டும் ஏன் இந்த அலட்சியம்?”

பக்கத்தில் நின்ற தம்பி மனைவியின் முகம் வாடிப்போனது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அத்தைக்கு ஊட்டப் போனாள்.

மறுநாள் நாத்தனாரே விளக்கின் முன்னால் உட்கார்ந்தாள். எட்டு லட்சுமியும் ஒருத்தி குறையாமல் வரிசையாக வந்தார்கள். கணீரென்று சொல்லி முடித்துவிட்டு, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி உள்ளே ஓடினாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மத்தியானம் ஆயிற்று, பொழுதும் சாய்ந்தது, வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

மகள் சமையலறைக்குப் போனாள்.

“அம்மா ஏன் இன்னிக்கு வாயே திறக்கல?”

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். “நீங்க தப்பே பண்ணலியே அண்ணி.”

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். படுத்த புதிதில் யார் கெஞ்சியும் அத்தை பேசவில்லை. எப்படியாவது பேச வையுங்கள், விட்டுவிட்டால் பேச்சு திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் இருந்த மனக்கஷ்டத்தில் இவளுக்கு நிஜமாகவே ஒரு லட்சுமி விட்டுப்போனாள். உள்ளேயிருந்து ‘தப்பு’ என்று ஒரு குரல். அன்றிலிருந்து தினம் ஒருத்தியை வேண்டுமென்றே விட்டுவிடுகிறாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

“சாமி குத்தம் ஆயிடுமோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா தப்பைத் திருத்தத்தான் அவங்களுக்குப் பேச்சு வருது. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. தெரிஞ்சா திட்ட மாட்டாங்க.”

 கும்பிடுகிற தெய்வத்தின் முன்னால் தினமும் தப்புக்காரியாக நிற்கிறாளே, இவளைப் போய் என்னென்ன பேசிவிட்டோம் என்று நாத்தனாருக்கு வெட்கமாக இருந்தது. இந்த யோசனை தனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. தம்பி மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நான் மட்டும் கிளம்பறேம்மா. நீ இங்கேயே இரு. அதுதான் உனக்கு நல்லது.”

அம்மா இடது கையால் மகளைக் கிட்டே இழுத்தாள். வாசல் பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டாள். கோணிய வாயில் சொற்களை ஒவ்வொன்றாகத் திரட்டினாள்.

“சாயங்காலம்... மாடியில... அவ பசங்களுக்கு எட்டும் சரியாத்தான் சொல்லித் தர்றா. என் காது... நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு சந்தோஷத்துக்குத்தான்... முக்கி முக்கித் திட்டறேன். எனக்குத் தெரியும்னு... அவகிட்ட சொல்லிடாத.”