ஓராள் குறையுது

“தெரியாத ஆக்களோடயும் இதுக்குள்ள கதைக்கலாமா, தம்பி?”

சுதாகரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். மட்டக்களப்பு டவுனில் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு மனிதரை அவன் கண்டதில்லை. பெரியகல்லாற்றிலிருந்து பஸ் ஏறி வருகிறார். பெயர் அல்பேட். பேரன் விளையாடுகிற கேம் ஓடக்கூடிய நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமாம். போன கிழமையும் வந்தார், முந்தநாளும் வந்தார். வாங்கவும் மாட்டார், எழும்பிப் போகவும் மாட்டார். காலையிலிருந்து குனிந்து குனிந்து வேலை செய்ததில் சுதாகரனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“கதைக்கலாம் ஐயா. பயமெண்டாச் சொல்லுங்க, தெரியாத ஆக்கள் வராம பூட்டுப் போட்டுத் தாறன்.”

“ஐயையோ, பூட்டெல்லாம் போட்டிராதீங்க!” கிழவர் பதறிப்போனார். பிறகு கொஞ்சம் தயங்கி, “குரல மாத்தியும் கதைக்கலாமாமே?” என்றார்.

எவனாவது குரலை மாற்றிப் பேசிப் பேரனை ஏமாற்றிவிடுவானோ என்ற கவலை போலும். பாவம், யாரோ நன்றாகப் பயம் காட்டியிருக்கிறார்கள்.

“பகிடிக்கு மாத்துறவங்கதான். அதுக்கெல்லாம் யோசிக்காதீங்க. இஞ்ச பாருங்க.” சுதாகரன் திரையில் கேமைப் போட்டுக் காட்டினான். துவக்கால் சுட்டுக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள். “நாலு பேர் சேர்ந்தாத்தான் ஒரு குழு.”

“கரைவலைக்கு ஆள் சேக்கிற மாதிரி.” அல்பேட் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஆயுள் முழுக்கக் கடற்கரையில் பலரோடு சேர்ந்து வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள் அவருக்கு. அதில் ஒன்றை நீட்டி மெல்ல ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒருவன் துள்ளினான். கிழவர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

சுதாகரனுக்குச் சிரிப்பு வந்தது. “பேரனையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே ஐயா?”

“ஜொய்சன் என்னோட எங்க வரப்போறான்? கதைக்கிறதே இல்ல.” அல்பேட்டின் குரல் இறங்கிவிட்டது. “மகள் றஜனி கட்டாருக்கு வேலைக்குப் போனவள். நான்தான் தாயப் பிடிச்சு அனுப்பினனாம். அண்டைக்கு வாயச் சாத்தினவன். சோறு வச்சா எடுத்துக்கொண்டு அறைக்குள்ள போயிருவான். ஒரு சொல்லு, தம்பி. ஒரேயொரு சொல்லுக் கதைச்சாப் போதும். எனக்கு ஏலாமப் போச்சு.”

சுதாகரனுக்கு மனசு கேட்கவில்லை. வியாபாரம் போனால் போகட்டும் என்று கதிரையை இழுத்துக் கிட்டவாகப் போட்டான்.

“ஐயா, நானே என்ட யாவாரத்துக்கு மண் போடுறன். இத வாங்கிக் குடுத்தா அவன் கதைப்பான் எண்டு மட்டும் நினையாதீங்க. என்ட மகனுக்கு நானே பாத்துப் பாத்துக் கம்ப்யூட்டர் ஒண்டு பூட்டிக் குடுத்தன். இப்ப வீட்ட போனா அவன்ட முதுகத்தான் பாக்கிறன். சாப்பிட வாடா எண்டாலும் காதில விழுகுதில்ல.”

“ஓம், தம்பி. முதுகுதான்.”

மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

“சரி, பெட்டியக் கட்டுங்க,” என்றார் அல்பேட்.

இவ்வளவு சொன்னதும் செவிடன் காதில் ஊதிய சங்கா? சுதாகரன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கயிற்றை எடுத்தான். நமக்கென்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

“நாளைக்கு ஆள் அனுப்பிப் பூட்டித் தாறன். பேரன்ட அறையில மேசை இருக்கா ஐயா?”

“அவன்ட அறையில வேணாம், தம்பி. அங்க தாய் அனுப்பின காசில எடுத்த ஒண்டு கிடக்கு. இது என்ட அறைக்கு.”

சுதாகரன் பாதி முடிச்சோடு நிமிர்ந்தான்.

“ராவு ராவா ‘ஓராள் குறையுது, ஓராள் குறையுது’ எண்டு சுவருக்கு அங்கால கத்துறான். கரைவலையில ஓராள் குறைஞ்சா வழியால போறவனும் வந்து கயித்தப் பிடிப்பான், தம்பி.” அல்பேட் அந்தப் பெரிய விரல்களால் பெட்டியைத் தடவினார். “நான்தான் எண்டு தெரியாட்டி, என்னோடயும் கதைப்பான்தானே?”